நல்லாத்தான் இருக்கார்

எங்கள் தெருவில் செத்துப்போனவர்களுக்கெல்லாம் ஓட்டு இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். போன தேர்தலின்போது பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியலைப் படித்துவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கத்தினார். கோடி வீட்டு ஹெட்மாஸ்டர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது, அவர் பெயர் இருக்கிறதாம். மளிகைக்கடை பாயுடைய அத்தா பெயர் இருக்கிறதாம். "நாளைக்கு எவனாவது வந்து அவங்க பேர்ல குத்திட்டுப் போவான். வெயில்ல நின்னு நாம போடுற ஓட்டுக்கு என்னடி மரியாதை?" என்றார்.

நியாயமான கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு ஒரு கோபம் வந்தால் அது தெருவுக்கே வந்த கோபம். முடிச்சூரில் நாங்கள் இருக்கும் தெருவுக்கு அவர்தான் நலச்சங்கச் செயலாளர். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலையில் குட்மார்னிங் பூவுக்குப் பதிலாகச் செத்தவர்கள் பெயராக வர ஆரம்பித்தது. நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காய்கறி வண்டிக்காரரிடம்கூட, "உங்க பக்கம் எப்படிப்பா, பொணம் எழுந்து வந்து ஓட்டுப் போடுதா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போதெல்லாம் அந்த வண்டி வந்தால் நான் உள்ளே போய்விடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு அண்ணன். நாங்கள் பெரியவர் என்போம், என் மகளுக்குப் பெரியப்பா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதர். கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார், எங்கள் மாடி அறையில்தான் வாசம். முடிச்சூரே மூழ்கிய அந்த மழையில், இடுப்பளவுத் தண்ணீரில் என் மகளுடைய புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கழியை ஊன்றிப் பள்ளம் பார்த்து, மறு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மேட்டு ரோடு வரைக்கும் நடந்தவர் அவர்தான். பெற்ற அப்பா அன்றைக்கு ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஓட்டுப் போடுவதில் பெரியவருக்கு அப்படி ஒரு ஆசை. தேர்தல் என்றால் சட்டையை இஸ்திரி போட்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டால், "அதைச் சொல்றதுக்கா மறைவுல வெச்சிருக்கான்?" என்பார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு என்னால் தனியாகத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. கேளம்பாக்கம் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். நல்ல இடம், காற்றோட்டமான இடம் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கே போன பிறகும் அவர் ஓட்டு மட்டும் எங்கள் வீட்டு முகவரியிலேயே இருந்தது. போன தேர்தலுக்கு ஆட்டோ வைத்து வந்து போட்டுவிட்டுத்தான் போனார்.

கார்த்திகையில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பந்தக்கால் நடுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது இல்லத்திலிருந்து போன் வந்தது. பெரியவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

என் வீட்டுக்காரர் போனைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூடப்பிறந்த அண்ணன் சாவு. பதினாறு நாள் தீட்டு, அதற்கப்புறமும் அந்த வருஷம் முழுக்க வீட்டில் நல்ல காரியம் கிடையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்குச் சாவுச் சேதி கொண்டு வருபவரைத் தெருமுனையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பங்காளிகள் போனை அணைத்து வைத்துவிட்டு முகூர்த்தம் முடிந்த பிறகு ஆன் பண்ணி, "ஐயோ, எப்போ?" என்று அழுவார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

"நமக்கு போன் வரலைன்னு வெச்சுக்கோ" என்றார் அவர்.

"வந்துடுச்சேங்க" என்றேன்.

"வரலைடி. மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை ஊர் பூரா குடுத்தாச்சு. மாப்பிள்ளை வீட்டம்மா எப்பேர்ப்பட்டவங்கன்னு உனக்குத் தெரியும். பல்லி கத்தினா பஞ்சாங்கம் பார்க்குறவங்க. இதைச் சொன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்னு போயிடுவாங்க. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொல்லி வெச்சாங்க?"

தனியாகவே போனார். அங்கேயே பக்கத்தில் தகனம் முடித்துவிட்டு, மதியம் கொல்லைப்புறமாக வந்து குழாயடியில் உட்கார்ந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நான் துண்டைக் கொடுத்தேன். பிறகு சாதம் போட்டேன், இருவரும் சாப்பிட்டோம். அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அழவில்லை. ஆயிரம் பொய்யில் செத்தவரை உயிரோடு வைத்திருப்பதும் சேருமா என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. நான் கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்துகொண்டிருந்தது. ஓட்டு இருக்கிற ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு ஃபார்ம் வீட்டுக்கே வரும். நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் பெயர் நிற்கும். இறந்துபோனவர் என்றால் வீட்டில் சொல்ல வேண்டும், எடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவுக்கு இந்த வேலையைப் பார்த்தது தெருக்கோடி அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்து, எடை பார்த்து, அந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவாள். எங்கள் வீட்டில் மட்டும் உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஃபார்ம்களை அடுக்குவாள். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "உங்க வூட்டுத் தண்ணிதான்க்கா தண்ணி" என்பாள். ஊருக்கெல்லாம் அதே குழாய்த் தண்ணீர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைத்து வந்துவிட்டதாம், காட்ட வந்தாராம். உட்கார வைத்து காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே டீச்சரும் வந்துவிட்டாள்.

"அக்கா, உங்க வூட்ல நாலு பேரு. மூணு ஃபார்ம் வந்துருச்சு. சாரோட அண்ணனுது மட்டும் நிக்குது. இன்னிக்கி நான் ஏத்தியாகணும்" என்றாள்.

"அவரு கேளம்பாக்கம் பக்கம் இருக்காரேம்மா" என்றேன்.

சம்பந்தியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "நானே கேக்கணும்னு இருந்தேன். பெரியவர் எப்படி இருக்காரு? கல்யாணத்துக்கு வந்துடுவாருல்ல?"

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். இவ்வளவு நாள் ஊரை வம்புக்கு இழுத்த வாய், அன்றைக்கு ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை. "நல்லாத்தான் இருக்கார். நடக்கத்தான் முடியல, பாவம். வர்றது கஷ்டம்" என்றேன்.

சம்பந்தியம்மாள், "நல்லா இருந்தா சரி. அது போதும்" என்று சொல்லி மறுபடி காபியை எடுத்துக்கொண்டார்.

"அப்போ நீங்களே போட்டுக் குடுங்கக்கா. வூட்டு ஆளுங்க போடலாம்னு சொல்லிகிறாங்க" என்று டீச்சர் ஃபார்மை நீட்டினாள். "நான் நேர்ல பார்த்துட்டு எழுதணும்தான். அம்மாந்தூரம் யாரு போறது? நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி. பெரியவர் பெயருக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்; உறவுமுறை கேட்ட இடத்தில் தம்பி மனைவி என்று டீச்சரே எழுதிக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பிணத்துக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அலங்காரம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, பெரியப்பாவுக்கு வீடியோ கால் போடேன். அவர்கிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டு மேடைக்குப் போறேன்" என்றாள். "தூங்குறாராம்டி, இப்பதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தேன்.

கல்யாணம் முடிந்து, மறுவீடு எல்லாம் முடிந்த பிறகு, பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஊருக்குச் சொன்னோம். சாம்பல் அதுவரைக்கும் இல்லத்து அலுவலக அலமாரியில்தான் இருந்தது. கோவளம் கடலில் கரைத்தோம். துக்கம் கேட்க வந்தவர்கள் என் தோளைத் தொட்டதும் அடக்கி வைத்ததெல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்தது. நான் சொன்ன தேதிதான் பொய், அழுகை பொய் இல்லை. மகள் வந்து சுவரோரம் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். சம்பந்தியம்மாளும் வந்து, "கல்யாணம் முடியுற வரைக்கும் உசுரைப் பிடிச்சு வெச்சிருந்தாரு பாருங்க, புண்ணியவான்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நாளில் வரைவுப் பட்டியல் வெளியானது. சங்கத்தில் எல்லாருமாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் பெயர் போயிருந்தது. இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இறந்தவர்கள் பெயர் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். எங்கள் கதவு எண் வரும் பக்கத்தில் மட்டும் எச்சில் தொட்டு இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார். நான் காபி கொடுக்க வந்தவள் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எதிர்ப்பக்கத்து மாடி வீட்டு சார் சங்கத்தில் இணைச் செயலாளர், வஞ்சகம் தெரியாத மனிதர். "சார், ஒரு பக்கம் விட்டுப் போச்சு" என்று அவரே புரட்டினார். "அட, உங்க அண்ணன் பேர் இன்னும் இருக்கே! அவரும்தான் போயிட்டார். சேர்த்துடலாமா?"

"சேருங்க, சேருங்க" என்றார் என் வீட்டுக்காரர். வேறு என்ன சொல்ல முடியும்? இறந்தவர்கள் பெயரை நீக்காமல் கள்ள ஓட்டுக்கு வழி செய்யும் அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மனு எழுதினார்கள். செயலாளர் என்ற முறையில் முதல் கையெழுத்து அவருடையது. அவர்கள் போன பிறகு நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊருக்குத்தான் உபதேசமா? அந்தப் பொண்ணு மேலயா மனு குடுக்குறீங்க?"

"நான் போடலைன்னா ஏன் போடலைன்னு கேப்பாங்கடி. அவளுக்கு ஒண்ணும் ஆகாது. கவர்மென்ட்டுல மனுவை எவன் படிக்கிறான்?" என்றார்.

படித்தார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல் ஃபேனுக்கு அடியில் உட்காரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள். முகம் வற்றிக் கிடந்தது.

"அக்கா, சனிக்கிழம ஸ்கூல்ல முகாம் கீது. தாலுகா ஆபீஸ்லருந்து ஆபீசர் விசாரிக்க வர்றாரு. மத்த வூட்ல எல்லாம் ஃபார்ம் வாங்குனதுக்கு அப்புறம் செத்தவங்க. அதுக்கு நான் பொறுப்பு இல்ல. உங்க வூடு ஒண்ணுதான்க்கா எனக்குப் பேஜாரு. அந்த ஹோமுக்கு நான் போன் போட்டுக் கேட்டேன், அவரு எப்ப போனாருன்னு சொல்லிட்டாங்க."

நான் தெருவை எட்டிப் பார்த்தேன். "சத்தமா பேசாதம்மா" என்றேன்.

"செத்தவருக்கு நானே ஃபார்ம் போட்டுட்டேன், காசு வாங்கினு பண்ணிட்டேன்னு ஆபீஸ்ல பேசினுகிறாங்க. இந்த வேலைய வெச்சித்தான் ரெண்டு பசங்களப் படிக்க வெக்கிறேன். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். அவரு நல்லா இருக்காருன்னு நான்தான் சொன்னேன், கையெழுத்து நான்தான் போட்டேன்னு சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன், கண்டிப்பா சொல்றேன். பொண்ணு கல்யாணத்துக்காகத்தாம்மா…" என்று இழுத்தேன்.

"கல்யாணத்துக்காக மறைச்சீங்க, சரி. யாரு வூட்லதான் மறைக்கல? கல்யாணம் முடிஞ்ச மறுநா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? நானே பேர எடுத்துட்டிருப்பேனே. அத்த வுட்டுட்டு என் மேலயே மனு குடுக்குறீங்களேக்கா!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். ஒரு போன், அவ்வளவுதான். அது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை என்று அன்று முழுவதும் யோசித்தேன். அவள் எனக்கு ஒரு ஆளாகவே படவில்லை, அதுதான் காரணம். சம்பந்தியம்மாளிடம் சொன்ன பொய்யை நாள் பூராவும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வாயால் அதே நேரத்தில் இவளிடமும் சொன்னது நினைவில்கூட இல்லை.

துக்க வருஷம், தலைப்பொங்கல் கிடையாது; ஆனாலும் சனிக்கிழமைக்குள் மகளும் மாப்பிள்ளையும் பொங்கல் லீவுக்கு வந்துவிட்டார்கள். "ஏன் ஆட்டோல போறீங்க, நான் கொண்டு போய் விடுறேன்" என்று மாப்பிள்ளை காரை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். மகள் ஏறி உட்கார்ந்தேவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் அந்த அதிகாரி முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார். சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். டீச்சர் சுவரோடு ஒட்டி நின்றாள், பை தோளில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. மாப்பிள்ளை கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார், பக்கத்தில் மகள்.

அதிகாரி ஃபார்மைக் காட்டினார். "அம்மா, இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

என்னுடையதுதான். கடைசி எழுத்தை இழுத்துச் சுழிக்கும் என் கிறுக்கல் அப்படியே இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, போடும்போது அவர் உயிரோடு இருந்தாரா என்பது. நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"டீச்சர் அன்னிக்கு அவசரமா வந்தாங்க சார். கல்யாண வேலைல இருந்தேன். நீட்டுன இடத்துல எல்லாம் போட்டேன். எது யாரோடதுன்னு பாக்கல."

"அவர் எப்படி இருக்கார்னு இவங்க உங்களைக் கேட்டாங்களா?"

"ஞாபகம் இல்ல சார்."

என் வீட்டுக்காரர் இருமினார். டீச்சர் ஒரே ஒரு தடவை, "அக்கா!" என்றாள். அதிகாரி அவளைக் கையமர்த்திவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

காரில் திரும்பினோம். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது மாப்பிள்ளை முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. அந்த டீச்சர் பாவம். நான் நிக்குறேனேன்னு பயந்து நீங்க அப்படிச் சொல்லியிருந்தா, அதுக்கு அவசியமே இல்ல. பெரியப்பா எப்போ போனார்னு எங்க அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும்."

"எது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்த ஹோம்ல அம்மாவோட சித்தி பொண்ணு நர்ஸா இருக்காங்க. சாயங்காலமே போன் பண்ணிட்டாங்க. நிறுத்தணும்னா எங்களுக்கும்தானே அசிங்கம்? அம்மா ஜோசியரைப் போய்ப் பார்த்தாங்க. பொண்ணு வீட்டார் வாயால அவர் நல்லா இருக்கார்னு ஒரு வார்த்தை வந்துட்டா நமக்குத் தோஷம் இல்ல, பாவம் சொன்னவங்களுக்குன்னு அவர் சொல்லிட்டாராம். அதுக்குத்தான் அன்னிக்கு ரவிக்கையை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தாங்க. எனக்கே கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாங்க."

நான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் அதை என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். அன்றைக்குக் கூடத்தில் விஷயம் தெரியாமல் இருந்தது ஒருத்திக்குத்தான், கையில் ஃபார்மோடு நின்ற அவளுக்கு.

மகள் பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். ரயில் போய் கேட் திறந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நான் வீடியோ கால் போடச் சொன்னேனேம்மா. தூங்குறார்னு சொன்னியே?"

நான் அவள் கையைத் தொட்டேன். இழுத்துக்கொண்டாள். அந்தப் பொங்கலுக்கு அவள் என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை, தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளை முகத்தைப் பார்க்க வெட்கப்படுவதைவிடக் கேவலம் வேறு இல்லை.

பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, பெரியவர் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தனியாகவே தாலுகா ஆபீசுக்குப் போனேன். வீட்டுக்காரர் தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து என்னுடையது, பொய் என்னுடையது, டீச்சர் கேட்டாள், நான் ஏமாற்றினேன் என்று எழுதினேன். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட் மேல போயிடுச்சேம்மா. மெமோவும் குடுத்தாச்சு. நீங்க சொல்றது சரிதான், ஆனா நேர்ல பாக்காம எழுதினது அவங்க தப்புதானே?" என்றார். இதையும் சேர்த்து வைக்கிறேன் என்று ஒரு கட்டுக்குள் செருகினார். நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருந்தால் அது விசாரணையில் வந்திருக்கும். காலம் கடந்து சொன்ன உண்மை ஒரு தாளாக அங்கே கிடக்கிறது.

அங்கன்வாடிக்கும் போனேன். டீச்சர் குனிந்து பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். நிமிராமலே, "பசங்க சாப்புடுற நேரம்" என்றாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இறுதிப் பட்டியலில் பெரியவர் பெயர் இல்லை. சங்கத்துக் குழுவில் மாடி வீட்டு சார், "நம் தெரு சுத்தம்! செயலாளருக்கு நன்றி" என்று போட்டு, கைதட்டும் படமும் போட்டிருந்தார். அதன் கீழே தெருவே கைதட்டியது. என் வீட்டுக்காரர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

தேர்தலுக்கு முன்னால் வாக்குச்சாவடிச் சீட்டு கொடுக்க மறுபடி அவள்தான் வந்தாள். மெமோ கொடுத்தவர்களுக்கு அந்த வெயிலில் தெருத்தெருவாக அலைய வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நல்ல வெயில். தெருவில் காய்கறி வண்டி நின்றிருந்தது, நாலைந்து பேர் சுற்றி இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்தாள். நான் ஓடிப் போய்த் திறந்தேன்.

"உள்ள வாம்மா. தண்ணி குடிச்சுட்டுப் போ."

"வேணாம் மேடம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "உங்க வீட்ல ரெண்டு பேரு. சார் இருக்காரா?" என்றாள்.

"உள்ள இருக்கார். குடும்மா, நான் வாங்கிக்கறேன்."

"இல்ல மேடம். நேர்ல பார்த்துத்தான் குடுக்கணும். கூப்புடுங்க. சார் உயிரோட இருக்காரான்னு நான் கண்ணால பாக்கணும்."

சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். வண்டிக்காரர் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். உள்ளேயிருந்து இவர் கேட்டிருக்க வேண்டும். பனியனும் லுங்கியுமாக, மூக்குக்கண்ணாடியோடு வந்து கேட்டருகில் என் பக்கத்தில் நின்றார். செயலாளர் ஆன நாளிலிருந்து அந்தத் தெருவில் அவர் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை, அன்று குனிந்து நின்றார். அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு என்னையும் அப்படியே பார்த்தாள். தாளில் இரண்டு டிக் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லி, இரண்டு சீட்டையும் என் கையில் வைத்தாள்.

பக்கத்து வீட்டில் ஆறு ஓட்டு. அந்த வீட்டு அம்மாள் மட்டும்தான் வெளியே வந்தார். யாரையும் கூப்பிடச் சொல்லாமல் ஆறு சீட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கி, அண்ணாந்து குடித்தாள்.